ஏழும் ஐந்தும் சேர்ந்த கூடம்

1

அருகில் வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்கொள்ளுங்கள். பாதியில் கண் சொக்கினால் தூங்குங்கள், என் கதை கோபித்துக்கொள்ளாது. நாலு பேர், ஒரு காலிக் கூடம், ஒரு பெண் சொல்ல வேண்டிய ஒரு பதில். இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போவது அதுதான். ஆனால் அதை எழுதும்போது நான் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்வேன். பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. என் கட்டில் ஒட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு டியூஷன். சாயங்காலம் நான் அரைத் தூக்கத்தில் கிடக்கும்போது பிள்ளைகள் கூட்டமாகச் சொல்வது கேட்கும்: "ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர், ஏ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏ பி ப்ளஸ் பி ஸ்கொயர்." அதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன். தூக்கத்தில் அந்த ஏயும் பியும் செருப்பைக் கழற்றிவிட்டு என் கனவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரல்கள் மட்டும்தான் நிஜம், கண்ணுகளா. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

கணக்கை நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். அடைப்புக்குறி என்பது ஒரு வீடு. இந்த வீட்டில் இரண்டு பேர், அந்த வீட்டில் இரண்டு பேர். பெருக்குவது என்றால், இந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரோடும் பேசியாக வேண்டும். ஆக நாலு பேச்சு. பிள்ளைகள் முதல் பேச்சையும் கடைசிப் பேச்சையும் எழுதிவிட்டு, நடுவில் இருக்கும் இரண்டையும் விட்டுவிடுவார்கள். அப்போது டீச்சரின் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும்:

"நடுவுல உள்ளத எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

அந்தக் குரலைத்தான் நான் கதைக்குள் இழுத்துவந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: கண்ணாடிக்காரர் முதன்முதலில் அந்த வீட்டுக்கு வந்தபோது மழை

[வேண்டாம். இரண்டு பேர் சந்திக்கும்போதெல்லாம் மழை பெய்தால் ஊர் தாங்காது. அடித்துவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: டியூஷன் அறையின் ஜன்னல் உடைந்தது. மாற்ற வந்தார் கண்ணாடிக்காரர். சிறு சக்கரம் வைத்த, கண்ணாடி வெட்டும் கருவியால் ஒரு கோடு இழுத்து, அடியில் லேசாகத் தட்டி, இரண்டு கையாலும் ஒடித்தார். 'டக்'. புதுக் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டே, "கண்ணாடி எப்ப போடுவீங்க?" என்று கேட்டாராம்.

இது இருக்கட்டும். கதையில் ஒருவர் முதல் வார்த்தையிலேயே அசடு வழிந்தால் எனக்கு அவரைப் பிடித்துவிடும்.

இருவருக்கும் துணை போய்ப் பல வருடம். டீச்சருக்கு ஒரு மகள், பட்டப்பெயர் பூட்டு.* கண்ணாடிக்காரருக்கு ஒரு மகள், பட்டப்பெயர் தவளை. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். அதே டியூஷனில் படிக்கிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார். டீச்சர் சொன்ன பதில் இது: "எனக்குச் சரி. ஆனா பூட்டு சரின்னு சொல்லணும். அவ வாயால சொல்லணும். இல்லன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

* பெயர் வைத்தது நானல்ல, தவளை. "வாயத் திறக்கணும்னா சாவி செய்யற ஆளத்தான் கூப்பிடணும்" என்றாளாம்.

3

இப்போது நான் எழுதிக் கிழித்ததைச் சொல்கிறேன். கிழித்தது என்றால் நிஜமாகக் கிழிக்கவில்லை. டீச்சரின் டியூஷனில் ரப்பர் கூடாது. "தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடி. எங்க தப்புனன்னு எனக்குத் தெரியணும்" என்பார். நானும் அப்படியே அடித்து, தெரிகிற மாதிரி விட்டிருக்கிறேன்.

முதலில், எல்லோரும் ப்ளஸ். அதாவது எல்லோருக்கும் சம்மதம். டீச்சரும் கண்ணாடிக்காரரும் பேசிப் பேசிப் பழகினார்கள். தவளையும் பூட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிநேகமானார்கள். சுபம். படித்துப் பார்த்தேன். தித்திப்பு பல்லில் ஒட்டியது. பார்த்தால், நானும் டியூஷன் பிள்ளைகள் மாதிரியே நடுவை விட்டிருக்கிறேன். டீச்சரும் தவளையும் பேசவில்லை, கண்ணாடிக்காரரும் பூட்டும் பேசவில்லை. அடித்தேன்.

பிறகு, இரண்டு பெண்களும் மைனஸ். கல்யாணம் பிடிக்கவில்லை. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் அல்லவா? மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டும் குசுகுசுவென்று சதி செய்து, உயிர்த் தோழிகளாகிவிட்டன. பெரியவர்கள் பாடுதான் திண்டாட்டம். சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆனால் தவளைக்கு அவள் மிஸ் என்றால் உயிர். அவளை மைனஸ் போடச் சொன்னால் பேனா நகரமாட்டேன் என்றது.

அப்புறம், தவளை ப்ளஸ், பூட்டு மைனஸ். இது கணக்குக்கு மிக அழகு. டீச்சருக்கும் தவளைக்கும் நடுவில் எவ்வளவு ஒட்டுதலோ, கண்ணாடிக்காரருக்கும் பூட்டுக்கும் நடுவில் அவ்வளவு விலகல். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. நடுவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. எல்லோரும் மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் வீடு. அந்த வீட்டை எழுதிய அன்று எனக்குத் தூக்கத்தில் குளிரெடுத்தது.

கதைக்குள் நிஜம் என்னவென்றால், கண்ணாடிக்காரரும் பூட்டும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவர் எதையும் டீச்சரிடம்தான் கேட்பார்: "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?" பாப்பா பக்கத்திலேயே நிற்பாள்.

4

ஆகவே கணக்கை மூடிவைத்துவிட்டு நாலு பேரையும், கல்யாணமானால் சேர்ந்து குடிபோகப் பார்த்துவைத்த ஒரு காலி வீட்டுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூடமெங்கும் வெயில். பூட்டு அன்றைக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அவள் குழந்தையாய்ப் புரண்ட நீலக் கம்பளம் கூடத்தில்தான் இருக்க வேண்டும். தவளைக்கும் அதே பிடிவாதம், அவளுடைய சிவப்புக் கம்பளத்துக்கு. நீலம் சதுரம், பக்கம் ஏழடி. சிவப்பும் சதுரம், பக்கம் ஐந்தடி. கூடமும் சதுரம், பக்கம் பன்னிரண்டடி.

"ஏழும் அஞ்சும் பன்னெண்டு. அச்சு மாதிரி உக்காரும்" என்று டீச்சரே சொல்லியிருந்தார். ஆமாம், டீச்சரேதான்.

கண்ணாடிக்காரர் இரண்டையும் சுவரோரமாக விரித்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு விரல் இடைவெளி இல்லை.

"பாத்தீங்களா டீச்சர், இழைச்ச மாதிரி இருக்கு!" என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். எதிரே கிட்டத்தட்ட பாதிக் கூடம் வெறும் தரை.

சிவப்பை எதிர்மூலைக்கு இழுத்துப் போட்டார்கள். இப்போது இரண்டும் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டன. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு செவ்வகங்கள், வெறுந்தரையாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு.

பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்றிருந்தாள் பூட்டு. வாயைத் திறந்தாள்.

"அம்மா. நடுவுல உள்ளத எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

டீச்சர் அழுதார்

[இல்லை. அடித்தேன்.]

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருஷமா ஊர்ப் பிள்ளைங்ககிட்ட கத்தறேனே, எனக்கே விட்டுப்போச்சே!"

"என்ன காக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. இது எங்க கிளாஸ் ஜோக்கு" என்றாள் தவளை.

"நான் ஓரத்த மட்டும்தான் அளந்தேன் டீச்சர். ஓரம் சரியா வந்தா கண்ணாடி தானா உக்காந்துக்கும்."

"இது ஜன்னல் இல்லையே."

"இல்லதான்." அவர் தலையைச் சொறிந்தார். "பேசாம ரெண்டையும் சுருட்டி வெச்சுட்டு, பெருசா புதுசா ஒண்ணு—"

"வேண்டாம்!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தவளை, "மிஸ், வீட்லயும் உங்கள மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணுமா?" என்று கேட்டாள். "டியூஷன்ல மிஸ். வீட்ல உனக்கு எப்படி வருதோ அப்படி" என்றார் டீச்சர். தவளை யோசித்தபடியே ஒரு செவ்வகத்தில் போய் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரை ஒரு பக்கம் நிரம்பியது.

இன்னொரு பக்கம் அப்படியே காலியாக இருந்தது.

கண்ணாடிக்காரர் கம்பளத்திலிருந்து இறங்கி அந்த வெறுந்தரையில் நின்றார். வழக்கம்போல டீச்சர் பக்கம் திரும்பி, "பாப்பாவ—" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பூட்டின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. இங்க என்ன போடலாம்?"

[இந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் பதில் சொல்லாமல் வெளியே போய்விடுவாளோ என்று பயம். எழுதுகிறவளுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியாது.]

பூட்டு பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவரைத் தாண்டி நடந்து வந்தாள். அந்தச் செவ்வகத்தின் நடுவில் மல்லாந்து படுத்து, கையை விரித்து, கூரையைப் பார்த்தாள். கூடமே தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. நீலம் ஒரு படகு, சிவப்பு ஒரு படகு.

"சில்லுனு இருக்கு" என்றாள். "இங்க ஒண்ணும் போடக் கூடாது."

"சரி" என்றார் அவர்.

"நாற்காலிகூட."

"சரி."

"தொட்டி, செடி, எதுவும்."

"எதுவும் போடல." அவர் தரையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "நான் உக்காரலாமா?"

"அங்கயே உக்காருங்க. இப்போதைக்கு."

தவளைக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே கேட்டாள்: "ஏய் பூட்டு, வராத வீட்டுக்கு எதுக்குடி சட்டம் போடற?"

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். கண்ணாடிக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பூட்டு தலையை மட்டும் திருப்பி, முதலில் தவளையை, பிறகு அம்மாவை, கடைசியில் அவரைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது.

5

இங்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

முறைக்காதீர்கள் கண்ணுகளா. 'சரி' என்று எழுதிப் பார்த்தேன், அவள் வாய்க்குள் நான் கையை விட்ட மாதிரி இருந்தது. 'மாட்டேன்' என்று எழுதிப் பார்த்தேன், அப்போதும் அதே கை. அவள் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதானே அவள் அம்மா போட்ட ஒரே நிபந்தனை. என் வாயால் சொன்னால் எப்படிச் செல்லும்? நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், அவள் படுத்திருந்த விதத்தைப் பார்த்தீர்கள். அந்த வார்த்தை உங்களுக்குக் கேட்டால், கேட்டது அப்படியே இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரோடும் நேருக்கு நேர் பேசட்டும். பேசத் தயங்குகிறவருக்குக் கொஞ்சம் இடம் இருக்கட்டும், அதை யாரும் அவசரப்பட்டு நிரப்பாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போடுகிற சட்டத்துக்கெல்லாம் 'சரி' என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்காரும் பெரியவர் ஒருவராவது உங்கள் கூடத்தில் நூறு வயது வாழட்டும்.