இறந்தவர்களை எழுப்பும் விதி – மூன்றாம் திருத்தம்

1

இக்கதை ஒரு தாளிலிருந்து பிறந்தது. 2001-ஆம் ஆண்டு, காக்ஸ் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் ஓய்வூதியச் சான்றை நகலெடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னே ஓர் இளம்பெண். அவள் நீட்டிய தாளில் ஒன்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஒன்றாகக் கையால் வரைந்த பூதங்கள். தாளின் தலையில், ‘இறந்தவர்களை எழுப்பும் விதி – மூன்றாம் திருத்தம்’ என்று எழுதியிருந்தது. கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நான் அறிந்தது இவ்வளவே. பெயர், கணவன், நோய் யாவும் நான் கொடுத்தவை. நோயைக் கொடுத்த நாள்முதல் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்: ‘சரளாவின் கண்கள் அழகிய—’

[வேண்டா. அழகால் இவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.]

பின்னர்: ‘மழை விடாத ஒரு மாலையில் இளங்கோவனின் இதயம்—’

[இதயத்தை இவ்வளவு விரைவில் கொண்டுவரலாகாது.]

சீட்டுகளிலிருந்தே தொடங்குகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்து அடுகோடி நெரிசலில் நின்றவுடன் பின்னிருக்கைகளில் ஒரு விளையாட்டு தொடங்கும். இளங்கோவன் உண்டாக்கியது. ஆளுக்கு நாற்பது சீட்டு. பூதங்களை ஏவி எதிராளியின் கோட்டையை வீழ்த்தவேண்டும். வேண்டிய சீட்டைப் பண்டமாற்றாகவும் பெறலாம். மஞ்சுநாத் என்னும் நண்பன் ஒரு யாளிச் சீட்டுக்காகத் தன் சாப்பாட்டு டப்பாவை மூன்று நாள் கொடுத்திருக்கிறான்.

கம்பெனியில் இளங்கோவன் நிரல் எழுதுபவன். அவன் மனைவி சரளா, பிறர் எழுதிய நிரலில் பிழை காண்பவள். விளையாட்டிலும் அதே ஏற்பாடுதான். அவன் விதி ஆக்குவான், அவள் அதை உடைத்துப் பார்ப்பாள், உடையாதது நகலேறும்.

அவ்வாண்டுப் புதுத் தொகுதிக்கு மூன்று விதிகள் தேவைப்பட்டன. அவ்வாண்டே, இளங்கோவனின் இதய வால்வு ஒன்றை மாற்றியாகவேண்டும் என்றார் மருத்துவர். சிறுவயதுக் காய்ச்சல் விட்டுச்சென்ற பழுது.

“செட்டு முடியட்டும். முடிஞ்ச மறுநாளே கையெழுத்துப் போட்டு அட்மிட் ஆயிடறேன். போதுமா?” என்றான் இளங்கோவன்.

நூற்றுக்கு ஐவர் அறுவை மேசையிலிருந்து எழுவதில்லை என்று மருத்துவர் சொன்னதைச் சரளா மறக்கவில்லை. நூற்றுக்கு ஐந்து முறை தவறும் எதையும் அவள் இதுவரை வெளியே விட்டதில்லை.

3

முதல் விதி, ‘மூச்சு’. பூதம் ஒவ்வொன்றுக்கும் மூச்சுக்கு அடையாளமாக மூன்று மணிகள். தாக்கும்தோறும் ஒன்று குறையும். தீர்ந்தால் பூதம் உறங்கிவிடும். நீர்க்கிழவி, சங்கூதி என்னும் இரு பூதங்களும் ஒன்றுக்கொன்று மூச்சைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், ஆட்டம் முடியவே முடியாது என்று சரளா கண்டாள். மெய்யான பிழை. திருத்த ஒன்பது நாள் ஆயிற்று.

இரண்டாவது, ‘பிணை’. ஒரு பூதத்துக்கு மாற்றாக மற்றொன்று இறக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பிணை நின்றால் எதுவும் இறவாது. இதுவும் மெய்யான பிழையே. மேலும் இரண்டு வாரம். அதற்குள் இளங்கோவன் மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தான். மாலையில் அவன் செருப்பின் வார் வீங்கிய காலில் பதிந்து கிடந்தது.

மூன்றாவது, ‘மீட்சி’. இறந்த பூதம் ஒன்றை எழுப்பலாம். எதை எழுப்புவது என்பதை எதிராளி தேர்ந்தெடுப்பான். சரளா தனியே அமர்ந்து, வலக்கைக்கும் இடக்கைக்குமாக இருநூறு ஆட்டம் ஆடினாள். விதி உடையவில்லை. தொகுதி முடிந்துவிட்டதென்று அறிந்தே அவள் இளங்கோவனிடம் போனாள்.

“உடைஞ்சிடுச்சுங்க,” என்றாள்.

“எங்க?”

“லூப் ஆவுது, முடியாம சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் காட்டறேன். நீங்க மொதல்ல திருத்திப் பாருங்க.”

* படித்த பெண் இப்படிச் செய்வாளா என்று இவ்விடத்தில் ஐயுற்றேன். அவளுக்காக வாதாடி மூன்று பத்தி எழுதினேன். அனைத்தையும் அடித்துவிட்டேன். அச்சத்துக்கு வக்கீல் வேண்டியதில்லை.

4

இல்லாத பிழைக்காக இளங்கோவன் விதியை மூன்றுமுறை திருத்தினான். ஒவ்வொரு முறையும் சரளா நகலெடுத்து வந்து, “இன்னும் இருக்கு” என்றாள். மூன்றாம் திருத்தம் வந்த ஞாயிறன்று அவன் சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான்.

“எங்க லூப்பு? காட்டு.”

“எந்தச் சீட்டுன்னு மறந்துடுச்சு.”

“நீ மறந்துட்டியா? போன வருஷம் நான் விட்ட கமாவுக்குக்கூட தேதி வச்சிருக்கறவ நீ.”

“கொஞ்சம் டைம் குடுங்க.”

“சும்னே சொல்லாத சரளா. வா, ஆடலாம். லூப் வர்ற வரைக்கும் ஆடலாம்.”

ஏழு ஆட்டம் ஆடினர். ஏழும் ஒழுங்காக முடிந்தன. எட்டாவதற்குச் சீட்டைக் கலைக்கும்போது அவள் கை நின்றது.

“பக் இல்லீங்க. விதியில தப்பே இல்ல.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“மொத திருத்தத்துலயே.”

“அப்ப ஏன் மறுபடியும் மறுபடியும் திருத்துனீங்க?”

அவன் நீர்க்கிழவியின் மூலையை நகத்தால் நிமிர்த்தினான். “மொத விதிய சரிபண்ண அரை மணி நேரம் போதும். ஒம்போது நாள் ஓட்டினேன். அதக் கண்டுபிடிக்கல நீ. என்னா டெஸ்டரோ!”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது வேறாகிவிட்டது. அவன் எழுந்து அவளருகே வர முயன்றான். மேசையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அமர்ந்துவிட்டான்.

மறுநாள் மருத்துவர் பரிசோதித்தார். ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். நூற்றுக்கு ஐந்து என்றதை அவர் பன்னிரண்டு என்று மாற்றினார்.

5

முடிவு, ஒன்று: பேருந்தின் பின்னிருக்கையில் இளங்கோவன் புதுத் தொகுதியைப் பிரிக்கிறான். மஞ்சுநாத், “ஏய், யாளி நனகே!” என்று கன்னடத்தில் தனக்குக் கேட்டுக் கை நீட்டுகிறான். எல்லோரும்—

[அடித்துவிட்டேன். பன்னிரண்டு என்று எழுதிய கையால் இதை எழுத நாணமாக இருக்கிறது.]

முடிவு, இரண்டு: சரளா சீட்டுகளை ஒரு—

[இதை எழுதிய மாலை, ஜெராக்ஸ் கடையில் கண்ட அந்தப் பெண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். தனியாக நின்றாள். அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. யாரும் தனியாக நிற்கலாம். எனினும் வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்தேன்.]

இப்பகுதியை இது பதினோராவது முறையாக எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் வாக்கியத்தில் குற்றம் இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குற்றம் ஒன்றுமில்லை.

6

காலை ஆறரை. மருத்துவமனைத் தாழ்வாரம். சக்கரக் கட்டிலில் இளங்கோவன், பச்சை அங்கியில். ஒப்புதல் படிவத்தில் அவன் கையொப்பம் இட்டுவிட்டான். அதன் கீழே உறவினருக்கான இடம். சரளா படிவத்தை மேலிருந்து படிக்கிறாள், மீண்டும் மேலிருந்து.

“படிக்காத. படிச்சா பத்து ‘பக்’காவது கண்டுபிடிப்பே,” என்கிறான் இளங்கோவன். அவன் பற்கள் குளிரில் தட்டுகின்றன. குளிர் என்றுதான் எழுதுகிறேன்.

“சீக்கிரம்மா, தியேட்டர்ல ரெடியா நிக்கறாங்க,” என்கிறாள் செவிலி ருக்மிணி.

பேனாவைச் சரளாவின் கையில் கொடுத்ததுவரை நான். எழுதவைக்க எனக்குத் துணிவில்லை. எழுதவைக்காமல் நான் காலம் தாழ்த்தினால், பன்னிரண்டு பன்னிரண்டாகவே நிற்காது. ஆகவே, வாசகரே, படிவத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன். கையொப்பத்துக்கு முன் நிரப்பவேண்டிய கட்டம் ஒன்று உண்டு. ‘நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?’