இரண்டு விரல் குறைந்த வாசல்

சக்கர நாற்காலி வந்த அன்று வீட்டுக்குள் போகவில்லை. வீட்டின் வாசல் அதைவிட முக்கால் சாண் ஒடுக்கம். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவன் முன்னால் தள்ளிப் பார்த்தான், பின்னால் இழுத்துப் பார்த்தான், கடைசியில் முற்றத்துப் பலாமரத்தடியில் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கென்ன, கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தாயிற்று.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, தை பிறந்த மகர மாதம். குழித்துறைக்கு வடக்கே, ஆற்றிலிருந்து ஒரு நாழிகை நடையில் இருந்தது நேசபாயின் வீடு. அவள் புருஷன் ராஜையன் பனையேறி. போன மேட மாதத்தில் பனையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அன்றைக்கு நாலு ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, குறுகல் வாசலில் கட்டிலைச் சரித்து, அவனை ஒரு விறகுக்கட்டைப் போல உருட்டி உள்ளே போட்டார்கள். அவர்கள் உதவத்தான் செய்தார்கள். ஆனால் அந்த உருட்டலை ராஜையன் மறக்கவில்லை.

"நாலுபேரு என்னத் தூக்கினது ஒருக்க போதும். இனி தூக்குதது கல்லறைத் தோட்டத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், அப்படியே கிடந்தான். உபதேசியார் வந்து கட்டிலருகே ஜெபம் பண்ணினால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வான். அவர் போனதும் திறப்பான். பனையேற்றுக் காலத்தில் விடிந்தும் விடியாமலும் ஆட்கள் ஒருவரையொருவர் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசும் சத்தம் கேட்கும். அப்போது மட்டும் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வான்.

நேசபாய் நாற்காலியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டில் தலைமாட்டில் நின்றாள்.

"இஞ்ச கேட்டியளா, நாற்காலி வந்திருக்கு. நாலுபேரு வேண்டாம். ரெண்டுபேரு சும்மா பிடிச்சு முற்றத்துல கொண்டு இருத்தினாப் போதும்."

"எனக்கு வேண்டாம்."

"ரெண்டே பேரு."

"ஒருத்தன் தூக்கினாலும் தூக்குததுதான். நீ தூக்கினாலும் அப்பிடித்தான்."

"அப்பம் நாற்காலி உள்ள வரட்டு" என்றாள் நேசபாய்.

ராஜையன் நினைத்தது, வாசல் எங்கே அகலப் போகிறது என்று. பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் பெண்டாட்டியைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வேனல் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் மண் சுவரில் கைவைக்க முடியாது. திறந்த சுவர் நனைந்தால் வீடே உட்கார்ந்துவிடும். கும்பம், மீனம், மேடம் என்று மூன்று மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு நேசபாய் மூத்தாசாரி வீட்டுக்கு நடந்தாள்.

மூத்தாசாரி வேலப்பன், ராஜையனைவிடப் பத்து வயது பெரியவர். ராஜையன் இறக்கும் பதனீரைக் குடித்தே வளர்ந்த வயிறு என்று தன் வயிற்றைத் தட்டிச் சொல்வார். அவன் விழுந்த பிறகு ஒருதரம் பார்க்க வந்தவர், அந்தக் கிடப்பைக் கண்டு தாங்கமாட்டாமல் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். வீட்டுப் பின்புறத்தில் நின்ற அயினி மரத்தை வெட்டி வாசலுக்கு அகலமாக நிலை செய்யவேண்டும் என்று நேசபாய் சொன்னதும், கூலிப்பேச்சே எடுக்காமல் சம்மதித்தார்.

அவள் மடியிலிருந்து ஒரு பனைநாரை எடுத்துக் கொடுத்தாள். நாற்காலியின் ஒரு சக்கரத்து வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்து வெளிவிளிம்பு வரைக்கும் பிடித்து, அதற்குமேல் தாராளமாக ஒரு விரல் கூட்டி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இந்த நாருக்கு ஒரு நூலு குறையப்பிடாது."

"அளவெல்லாம் எங்கிட்ட விட்டுரு பிள்ளே. நான் இந்த முழக்கோலப் பிடிக்கத் தொடங்கி முப்பது வருசமாச்சு."

அன்றிலிருந்து நேசபாய் வீட்டில் அடுப்பு எரிந்த நேரத்தைவிட மண் குழைந்த நேரமே அதிகம். அவளும் மகள் ஜெபகுமாரியும் முன்சுவரை வாசலுக்கு இரண்டு பக்கமும் இடித்தார்கள். புற்றுமண் சுமந்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், வைக்கோல் வெட்டிப் போட்டு மிதித்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லபாய் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "புருசனுக்குக் காலு போச்சு, இவளுக்குப் புத்தி போச்சு" என்று காதில் விழும்படியே சொன்னாள். நேசபாய்க்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை மண்ணில் போட்டு மிதித்தாள். அன்றைக்கு மிதித்த மண்தான் ரொம்ப நன்றாக இருந்தது.

முற்றத்திலிருந்து வீட்டுத்தரை ஒரு முழம் உயரம். சக்கரம் ஏற வேண்டும் என்பதற்காகப் படியை எடுத்துவிட்டு நீளமாகச் சரிவு போட்டாள். முதலில் போட்ட சரிவு செங்குத்தாக வந்துவிட்டது. நாற்காலியில் ஜெபகுமாரியை உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்தபோது பாதியில் நாற்காலியும் மகளும் பின்னால் வந்து இவளையும் தள்ளிக்கொண்டு பலாமரத்தடிக்கே போய்ச் சேர்ந்தார்கள். சரிவை வெட்டி எறிந்து மறுபடி இரண்டு மடங்கு நீளத்துக்குப் போட்டாள். நிலையின் கீழ்ப்படியைத் தரைக்குச் சமமாகப் புதைக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சண்டை போட்டாள். அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் ராஜையன் வாயைத் திறக்கவில்லை. முன்சுவர் பாதி இல்லாமல், வெயில் நேராகக் கட்டிலுக்கு வந்த நாட்களிலும் மறுபக்கச் சுவரையே பார்த்துக் கிடந்தான். நேசபாய்க்கு ஒரே பயம் அதுதான். வாசலை எப்படியும் அகட்டிவிடலாம். இந்த மனுஷன் திரும்பாவிட்டால் என்ன செய்வது?

மேடம் பாதியில் மூத்தாசாரி நிலையைக் கொண்டுவந்து நல்ல நேரம் பார்த்து நிறுத்தினார். மண் காய்ந்து சுவர் பிடிக்கும்வரைக்கும் நிலைக்கால்கள் கோணிப்போகாமல் இருக்கக் குறுக்கே இரண்டு பலகை அடித்து வைத்தார். இருபது நாள் யாரும் தொடக்கூடாது என்றார். இருபது நாளும் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்கள்.

பலகையைக் கழற்றும் நாள் இடவம் பிறந்து ஒரு வாரத்தில் வந்தது. தென்மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது. காலையில் நேசபாய் கஞ்சி கொண்டு போனபோது ராஜையன் ஜெபகுமாரியிடம் கேட்டு வாங்கி, வெளுத்த வேட்டி உடுத்திக் கிடந்தான். தலையும் சீவியிருந்தது. நேசபாய் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கஞ்சியைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனவள் வெறும் பானையைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டு நின்றாள்.

ஆசாரி பலகைகளைக் கழற்றினார். ஜெபகுமாரி நாற்காலியைச் சரிவில் ஏற்றினாள். சுகமாக ஏறி வந்த நாற்காலி, நிலையில் முட்டி நின்றது. இடது சக்கரம் இடது நிலைக்காலில், வலது சக்கரம் வலது நிலைக்காலில். சாய்க்க வழியில்லை, திருப்ப வழியில்லை. ஒரு விரல் அகலம் போதவில்லை.

நேசபாய் அதே அளவுக்கு முடிச்சுப் போட்டுக் கூரையில் சொருகி வைத்திருந்த இன்னொரு நாரை எடுத்துவந்து வாசலுக்குக் குறுக்கே பிடித்தாள். நார் இரண்டு விரல் கூடுதலாகத் தொங்கியது.

"மூத்தாசாரியே."

ஆசாரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லும்" என்றாள் நேசபாய்.

"அந்த அளவுக்கு நிலை வச்சா மரணம் வருது பிள்ளே" என்றார்.

அவர் சொன்னது தச்சுக் கணக்கு. நிலையின் உள்சுற்றைக் கோலாலும் விரலாலும் அளந்து, பெருக்கி, வகுத்து, மிச்சத்தை வைத்து அந்த வாசலுக்குப் பருவம் சொல்வார்கள். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கம், மரணம் என்று ஐந்து. மரணத்தில் விழும் அளவை எந்த ஆசாரியும் வைக்கமாட்டார். நேசபாயின் நார் சரியாக அதில்தான் விழுந்தது. கூட்டிப் பார்த்தார், சுவர் இடம் கொடுக்கவில்லை. இரண்டு விரல் குறைத்தால் வார்த்தக்கம், நல்ல முதுமை வந்தது. பெண்பிள்ளை அளந்தது, தாராளமாகக் கூட்டித்தான் வைத்திருப்பாள் என்று எண்ணிக் குறைத்துவிட்டார்.

"ஒரு பனை ஏறி விழுந்து பிழைச்சவன். அவனுக்கு என் கையால மரணம் வைக்கவா சொல்லுக? உங்க வேதத்துல இது இல்லாம இருக்கலாம். எனக்க கோலுல இருக்கு."

அவர் கண் நிறைந்திருந்தது. நேசபாய்க்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அதற்காக விட்டுவிடவும் மனம் வரவில்லை. மூன்று மாதம் தோளில் சுமந்த மண்ணெல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

"மாறி நில்லும்."

"பிள்ளே, மழை வருது. நிலையப் பேத்தா செவரு வந்துரும்."

"வரட்டு. திரும்பவும் வைப்பேன்."

"ஏட்டி, பாரைய வை" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

ராஜையன் கைகளை ஊன்றிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வாசலைப் பார்த்து இருந்தது.

"நிலையில கை வைக்காத. ரெண்டு நிலைக்காலுலயும் சக்கர உயரத்துக்கு ஒரு விரல் செதுக்கினாப் போதும். ஓய் மூத்தாசாரி, நீரு வச்ச அளவுல எனக்கு என்ன வருது?"

"வார்த்தக்கம். நரைச்சுக் கெழடாயி, பேரப்பிள்ளையளக் கண்டுட்டுப் போவீரு."

"இந்தக் கட்டில்ல கெடந்தா?"

ஆசாரி நிலைக்காலைத் தடவினார்.

"மரணம் மரணம்னு சொல்லுதீரே. ஒரு வருசமா நான் எதுல கெடக்கேன்? உளிய எடும்."

"நூலளவு செதுக்கினாலும் கணக்கு மாறும் ராஜையா. எனக்குக் கை வராது."

"உமக்கு வராட்டா இஞ்ச தாரும். எனக்குக் காலுதான் போச்சு."

நேசபாயும் ஜெபகுமாரியும் கட்டிலை அவனோடு சேர்த்து வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். இழுப்பது தூக்குவதில் சேராது போலும், அவன் ஒன்றும் சொல்லவில்லை. உளியை வாங்கினான். பனையைத் தழுவி ஏறிய கை. ஒரு வருஷம் சும்மா கிடந்தும் உரம் போகவில்லை. முதல் அடியில் உளி வழுக்கியது. இரண்டாவது அடியில் அயினிச் சீவல் ஒன்று தெறித்து அவன் மடியில் விழுந்தது.

"சாச்சுப் பிடியும். மரத்து நாருக்கு எதுராப் போவாதேயும்" என்றார் ஆசாரி. சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு இன்னொரு உளியோடு வலது நிலைக்காலின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். "பாதி எனக்க தலையிலயும் இருக்கட்டு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் நாற்காலி உள்ளே வந்தது. கட்டிலுக்கு அருகே அணைத்து நிறுத்தினார்கள். பிடிக்கப் போன ஜெபகுமாரியின் கையை நேசபாய் தடுத்தாள். ராஜையன் ஒரு கையைக் கட்டில் சட்டத்திலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு தரம் சறுக்கி, மூன்றாவது தரம் உட்கார்ந்தான். கால் இரண்டையும் தானே எடுத்து நாற்காலியின் கால்பலகையில் வைத்தான். சக்கரத்தைத் தானே உருட்டி, நிலை தாண்டி, சரிவில் இறங்கி முற்றத்துக்குப் போனான்.

முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூத்தாசாரி மழையைக் கும்பிட்டாரா, வேறு எதையாவது கும்பிட்டாரா தெரியவில்லை, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ராஜையன் பலாமரத்தடிவரை போய், நாற்காலியைத் திருப்பி, ஒரு வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான்.

"அந்த ஓலைய எவன் மேஞ்சான்?"

"நான்தான்" என்றாள் நேசபாய். "போன வருசம் ஆளு கிடைக்கல்ல."

"மேச்சலா இது? கிழக்குப் பக்கம் அடுக்கே இல்ல. அடுத்த வருசம் நான் இஞ்ச இருந்து சொல்லித் தாறேன், அதுமாதிரி வை."

அவன் விழுந்த நாளில் அழாத நேசபாய், ஊரெல்லாம் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினவள், மழையில் நின்று அழுதாள். "மழை பெய்யுது, உள்ள வாங்க" என்றாள் கொஞ்சம் கழித்து. "நீ போ, நான் வாறேன்" என்றான் ராஜையன்.