சஹனை விட்டு எழும்பியவன்

மாப்பிள்ளை விசாரிக்கப் பாலமுனைக்குப் போன அப்துல் கபூர் மாமா, மருதமுனைக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. பெருமை புடிச்சவன். கலியாண ஊட்டுல அஞ்சு பேரோட சஹன்ல இருந்திட்டு, பாதியில எழும்பிப் போனவனாம். பாலமுனையே கதைக்கிது."

றுஸ்தாவின் உம்மாவுக்கு முகம் விழுந்துபோனது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவதுதான் சஹன். அதை விட்டு நடுவில் எழும்பினால் மற்ற ஐந்து பேரையும் அவமதித்தது மாதிரி. அதற்கு மேல் என்ன விசாரணை? நாளை மாலைக்குள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சரிவராது என்று சொல்லிவிடுவதாக முடிவாயிற்று.

கலியாணம் கட்டப்போகிற றுஸ்தாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கோ கோபத்தைவிட ஆவல்தான் கூட. எழும்பினான், சரி. ஏன் எழும்பினான்? வயிற்றுக்கோளாறா? யாராவது எதையாவது சொன்னார்களா? ஊரே கதைக்கிறதாம், அவ்வளவு பெரிய ஊரில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லையாக்கும்! படத்தில் பார்த்த முகம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதை மறைப்பானேன்?

மறுநாள் காலை கூட்டாளி அப்ராவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பாலமுனைக்கு, மாப்பிள்ளை வேலை செய்யும் கராஜுக்கே போய்விட்டாள். நெல் வெட்டும் மிஷின்களைத் திருத்தும் கராஜ் அது. ஒரு மிஷினுக்குக் கீழிருந்து வெளியே வந்தான் பர்ஸான்.

"ஸ்கூட்டியில ஒரு சத்தம் வருகுது" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை, குரல் கீச்சிட்டது.

அவன் ஸ்டார்ட் பண்ணிக் காதை வைத்துக் கேட்டான். பிறகு நிறுத்தினான்.

"சத்தம் ஒண்டும் இல்ல. எங்கரிந்து வாறீங்க?"

"மருதமுனை."

"வழியில இருபது கராஜ் இரிக்கே?"

அப்ரா சிரித்துக் காரியத்தைக் கெடுத்தாள். இனி என்ன நடிப்பு?

"நாந்தான் றுஸ்தா" என்றாள். "ஒண்டு கேக்கணும். சஹன்ல இருந்து ஏன் எழும்பினீங்க?"

பர்ஸானுக்குக் காது சிவந்தது. துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். ஆனால் மழுப்பவில்லை.

"அண்டைக்குச் சவளக்கடை வயல்ல ஒரு மிசின் நிண்டுட்டு. வேலைய முடிச்சிட்டு நேரா கலியாண ஊட்டுக்குப் போனன். நாலு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் நகத்துக்குள்ள கிறீஸ் போகல்ல. நான் கை வெச்சதும் முன்னால இருந்தவரு தன்ட பக்கத்துச் சோத்த ஒதுக்கி எடுத்தாரு. மத்தவங்களும் கைய இழுத்துட்டாங்க. நான் இருந்தா அஞ்சு பேரும் பசியோட போகணும். அதான் எழும்பிட்டன்."

"இத ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லியே."

றுஸ்தா திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். ஊர் சொன்னதை நம்பாதவள் இவன் சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கலாமா? இதையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

மாலையில் மாமா போனும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"மாமா, அந்த சஹன்ல ஆரார் இருந்தாங்க?"

தன் விசாரணையில் குறை இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே! மாமா உற்சாகமாக விரல் மடித்தார். "ஒரு ஹாஜியார், அவர்ட மருமகன், ஒரு மௌலவி, ஒரு மாஸ்டர்..." ஐந்தாவது விரல் மடியவில்லை.

"அஞ்சாவது ஆள் ஆரு மாமா?"

மாமா கையைக் கீழே போட்டார். "அவன்ட கையெல்லாம் கறுப்பு மகள். அருவருப்பாப் போச்சி."

"சோத்த ஒதுக்கினது?"

மாமா தலையைக் குனிந்தார். "காக்கா!" என்றார் உம்மா, தன் அண்ணனைப் பார்த்து. றுஸ்தாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்த தலையைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

"வேணாம் எண்டு சொல்ல வேணாம். ஓம் எண்டும் இப்ப சொல்ல வேணாம். அவரிட்ட இன்னும் எவ்வளவோ கேக்க இரிக்கி. நாளைக்கு நீங்களும் வாங்க."

"எந்த முகத்தோட வாற மகள்?"

"அவர் உங்களப் பத்தி ஊருல ஒருத்தருக்கும் சொல்லல்ல மாமா" என்றாள் றுஸ்தா. "பயப்படாம வாங்க."