ஒரு கன்னத்துச் சவரம்

சேக்காட்டு ஜெயராமனுக்குக் கோபம் வந்தால் மூக்குதான் முதலில் சிவக்கும். அந்த ஐந்து மாதம் சிவந்திருந்தது கழுத்து. அதன் காரணம் தெருவுக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை, நாங்களாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி உத்தமன் சார்ஜாவிலிருந்து தை மாதம் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய ரேசர் செய்த வேலை அது.

இரட்டைப் பிளேடு, ஆடுகிற தலை, கூடவே பஞ்சு மாதிரி நுரை கக்கும் டப்பா. பஞ்சவர்ணம் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, கணவர் கையில் கொடுத்தாள்.

"எந்தம்பி குடுத்தது. இனிமே அந்தப் பழைய ரேசரத் தொடாதய்யா."

தொடவில்லை. முதல் பத்து நாள் கன்னம் வழவழவென்றுதான் இருந்தது. அப்புறம் இழுக்க ஆரம்பித்தது. மாசியில் கீறல், பங்குனியில் கொப்புளம், சித்திரை வெயிலில் காலர் பட்டாலே எரிச்சல். ஆவடித் தொழிற்சாலையில் ஜெயராமன் கிரைண்டர். நாள் முழுக்க உளிக்கும் கட்டருக்கும் கூர் வைப்பவர். அவர் கழுத்தைப் பார்த்து, கூட வேலை செய்யும் வீராசாமி, "இன்னா மாமே, கோழி உரிச்சு உட்டா மாரி கீது" என்றபோது பட்டறையே சிரித்தது.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் மகள் கஸ்தூரிக்குக் காதுகுத்து பாக்கி இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண். மொட்டை போன வருஷமே திருத்தணியில் போட்டாயிற்று. காது மட்டும் தாய்மாமன் மடியில்தான் என்று, உத்தமனின் லீவுக்காக இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு வேறு தம்பி கிடையாது. அவன் கொடுத்த பொருளை அவமதித்தால் மடி கிடைக்குமா? அதனால் ஜெயராமன் தினமும் காலையில் ரத்தம் சிந்தினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் போதவில்லை. சலவை பனியனில் நாலு சொட்டு விழுந்ததும் ரேசரை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். பரணிலிருந்து தன் பழைய திருகு ரேசரை இறக்கினார். பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, புது பிளேடு மாட்டி வழித்தார். அன்றைக்கும் வெட்டிக்கொண்டார். ஐந்து மாதக் கோபத்தோடு அழுத்தினால் எந்த ரேசர்தான் சும்மா இருக்கும்? தன் கனத்திலேயே அது இறங்கும், கை வழிகாட்டினால் போதும் என்பது மூன்றாம் நாள் நினைவு வந்தது. கடைசியில் படிகாரம் தேய்த்தார். இரண்டு வாரத்தில் கழுத்து பழைய கழுத்தானது. தம்பியின் ரேசர் எங்கே என்று பஞ்சவர்ணம் கேட்டபோது, "கீது, கீது" என்று சொல்லிவைத்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெகதாம்பாள் வீடு. வெளிநாட்டுப் பொருளை வீணாக்குகிற பெண்மணி இல்லை அவர்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் உத்தமன் வந்தான். சூட்கேஸை நூம்பலில் அம்மா வீட்டில் போட்டுவிட்டு, கைப்பையோடு தெருவில் நுழைந்தவனை ஜெகதாம்பாள் வாசலிலேயே நிறுத்தினார். மடியில் நைலக்ஸ் புடவை, கையில் அந்த ஆடுகிற தலை ரேசர்.

"தம்பி, நீ அனுப்ன மிசினு சோக்கா கீதுப்பா. பிசிறெல்லாம் வழிச்சு எட்த்துட்ச்சு, பாரு."

உத்தமன் அக்கா வீட்டுக்குள் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா மாமா, நான் குடுத்தது பக்கத்தூட்டுப் புடவைக்குத்தான் லாயக்கா? அப்ப என் மடி மட்டும் இன்னாத்துக்கு? காலைல நான் கொரட்டூர் போறேன், மாமியா ஊட்டுக்கு. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

"உன் ரேசரு என் தோல உரிச்சிது, தெரியுமா?"

"ஊரே போட்ற ரேசரு உங்களுக்கு மட்டும் உரிக்குதா?"

பஞ்சவர்ணம் அழுதபடி பீரோவைத் திறந்தாள். "தம்பி, நீ குடுத்தத நான் அவமானப் பட்த்துவனா? பாருடா, ஒண்ணக்கூட பிரிக்கல."

கல்யாணப் பட்டுக்கு அடியில் ஐந்து அட்டைகள் இருந்தன. அந்த ரேசருக்கு மாற்றுத் தலைகள், அட்டைக்கு ஐந்து. சென்ட் பாட்டில், சோப்பு, டார்ச் லைட் எல்லாவற்றோடும் சேர்த்துப் பூட்டிவைத்திருந்தாள். எங்கள் தெருவில் எந்த பீரோவைத் திறந்தாலும் இப்படித்தான். நல்ல நாளுக்கு என்று வைப்பது, அந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது.

ஜெயராமனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா ஒரே தலைலயா போட்டீங்க?" என்று உத்தமன் சிரித்தான். "ரேசரு மேல தப்பில்ல மாமா."

அந்தச் சிரிப்புதான் ஆகவில்லை. கூர் பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனிதனைக் கூர் தெரியாதவனாக்கிவிட்டார்கள், அக்காளும் தம்பியும். ஜெயராமன் சாப்பிடாமல் எழுந்துபோனார்.

காலை ஏழு மணி. காதுகுத்தும் பத்தர் எட்டரைக்கு வருவார். உத்தமனோ கொரட்டூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாமியார் வீட்டுக்கு மூன்று நாள் தாடியோடு போக முடியாது. மாற்றுத் தலை இருபத்தைந்து இருந்தது. மாட்டுவதற்குப் பிடி இல்லை; அவனுடையது நூம்பலில் சூட்கேஸுக்குள் இருந்தது, சலூன் எட்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஜெகதாம்பாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் ஜெயராமனின் ரேசரை எடுத்து, நேராக அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தான். தாடையில் ரத்தம்.

"குடு இப்டி" என்றார் ஜெயராமன். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. ஒரு ரேசரை அப்படிப் பிடிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

கிணற்றடியில் உட்காரவைத்து, நுரை குழைத்து, இடது கன்னத்தை வழித்தார். கோபமாக இருக்கிற ஒருவர் கையில் தன் கழுத்து இருப்பது அப்போதுதான் உத்தமனுக்கு உறைத்தது.

"மாமா, மெதுவா."

"மெதுவாத்தான் போவுது. அழுத்தனாத்தான் வெட்டும்."

இடது கன்னம் பளிங்கு மாதிரி வந்தது. ஜெயராமன் ரேசரைத் திருகிப் பிரித்தார், கழுவினார், துடைத்தார், மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னா மாமா, இந்தப் பக்கம்?"

"அது காது குத்தன பொறவு."

"வெளாட்றீங்களா?"

"கொரட்டூர் போறதுன்னா போ. ரயிலு எட்டு அஞ்சுக்கு."

உத்தமன் கண்ணாடியைப் பார்த்தான். தெருமுனைச் சலூன் வரைக்குமாவது இந்த முகத்தோடு நடக்க வேண்டும். வாசலில் நாங்கள் ஏற்கெனவே கோலம் போடுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தோம். வாய்க்கு வந்தபடி ஏசினான். ஏசிவிட்டுப் போய்ப் பலகையில் உட்கார்ந்து கஸ்தூரியை மடியில் வாங்கிக்கொண்டான். பிள்ளை அலறினாள். தோடு ஏறியது.

அந்தப் போட்டோ இன்றும் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தாய்மாமன் இடது பக்கம் மட்டும் காட்டி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பஞ்சவர்ணமும் ஜெயராமனும் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள். ஆடி பிறக்கும்வரை அவர்களுக்குள் பேச்சில்லை.

மறு கன்னத்தை ஜெயராமன் சொன்னபடி வழித்துவிட்டார். சோப்பு போடவில்லை. வெறும் பச்சைத் தண்ணீர்தான்.