இருபது வீட்டு விளக்கு

புத்தகயா போகிறோம் என்று சிறிதுங்க வாய் திறந்ததுதான் பிழை. இலங்கையின் கம்புறுபிட்டியவில் இருபது வீட்டுக்காரர்கள் தேடி வந்து, "எங்க பேர்லயும் போதிமரத்தடியில ஒரு விளக்கு வெச்சுடுங்க, எவ்வளவு தரணும்?" என்று கேட்டார்கள்.

"வீட்டுக்கு நூறு ரூபா குடுங்க. அதுவே அதிகம்," என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபரான சிறிதுங்க. விளக்கின் விலை உலகெங்கும் ஒன்றுதான் என்று நம்பியவர்.

இந்தியாவில் இறங்கி மாற்றியபோது ஒவ்வொரு இலங்கை நூறும், இருபத்தெட்டு இந்திய ரூபாயாக இளைத்துப்போனது.

அவருடைய சொந்தப் பணம் இரண்டு உறைகளில் இருந்தது. ஒன்றில் எட்டாயிரம் இந்திய ரூபாய். அடுத்த மாதம் மகள் தில்ருக்ஷிக்குக் கல்யாணம்; சிங்கள மணப்பெண்ணுக்கு வெள்ளைதான் மங்கலம். "காசியில ஒரு வெள்ளைப் பட்டு, வேற ஒண்ணுமே வேணாம்ப்பா," என்று சொல்லியிருந்தாள். மற்றதில் கைச்செலவுக்கு இரண்டாயிரம். சாப்பாடும் படுக்கையும் யாத்திரை நடத்துபவர்கள் பொறுப்பு.

புத்தகயாவில் பூக்காரன் சுத்தமான சிங்களத்தில் சொன்னான்: "விளக்குத் தட்டு நூறு ரூபா, ஐயா."

ஊரில் ஒரு தேங்காய்க்கு அரைமணி நேரம் வாதாடுகிறவர் சிறிதுங்க. ஆனால் பூசைப் பொருளுக்குப் பேரம் பேசக்கூடாது. குறைத்த அளவுக்குப் புண்ணியமும் குறையும். பூக்காரன் சிங்களத்தோடு சேர்த்து இதையும் கற்றிருந்தான்.

கூட்டிவந்த பிக்குவிடம் போய்ப் பணிவாகக் கேட்டார்: "இருபது பேருக்கும் சேர்த்து ஒரே தட்டா வைக்கலாமா, சாமி?"

"தாராளமா வைக்கலாம், உபாசகரே. பேரெல்லாம் வாசிச்சாப் போதும்."

சிறிதுங்கவுக்கு மூச்சு வந்தது. மனைவி கருணாவதி விடவில்லை.

"அப்ப சோமபாலவுக்கு இருபதுல ஒரு பங்கு வெளிச்சம்தானா? முழங்கால் வலியோட மேட்டுல ஏறிவந்து காசு குடுத்த மனுஷன். ஊருக்குப் போய் நீங்களே சொல்லுங்க."

இருபது தட்டு வாங்கினார். ஊரார் பணம் ஐந்நூற்று அறுபது போக, கைச்செலவில் ஆயிரத்து நானூற்று நாற்பது போனது. கடிதம் பட்டுவாடா செய்யும் வரிசையில், வீடு வீடாகப் பெயர் வாசித்தார்.

"நம்ம பேரு?" என்றாள் கருணாவதி.

"நாமதான் நேர்லயே நிக்கிறோமே."

காசியில் சேலை கிடைத்தது. தில்ருக்ஷி சொன்ன அதே வெள்ளை, அதே மெல்லிய சரிகை. விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கடைக்காரனும் சிங்களம் பேசினான்.

"கல்யாணச் சேலைக்குப் பேரம் பேசலாமா, அக்கா? சுபகாரியமாச்சே."

கருணாவதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "அது பூசைப் பொருளுக்கு, தம்பி. இதைக் கட்டிக்கப்போறவ என் மக. அவ புத்தர் இல்ல, அவ்வளவு பொறுமையெல்லாம் கிடையாது. குறை."

ஒரு மணி நேரம் போனது. எட்டாயிரத்து ஐந்நூற்றில் கடைக்காரன் நின்றுவிட்டான். "எட்டாயிரம்," என்றார் சிறிதுங்க. அவன் சேலையை மடிக்கத் தொடங்கினான். நாலாவது மடிப்பில் சிறிதுங்க இரண்டாவது உறையையும் எடுத்தார்.

மிச்சம் அறுபது ரூபாய். யாத்திரையில் இன்னும் ஐந்து நாள்.

அதன்பின் டீக்கடையில் பஸ் நின்றால் இருவரும் இறங்குவதில்லை. முதல் நாள் அவருக்கு வயிறு சரியில்லையாம். மறுநாள் அவளுக்கு. மூன்றாம் நாள், பின் இருக்கையிலிருந்த யசவதி என்ற நர்ஸ் அம்மாள் இரண்டு மண்குவளையோடு வந்து நின்றாள்.

"வேணாம்மா, எங்களுக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்குதான்னு நான் கேட்டேனா? யாத்திரிகருக்கு டீ குடுத்தா புண்ணியம். என் புண்ணியத்தைக் கெடுக்காதீங்க, ஐயா."

சிறிதுங்க குவளையை வாங்கினார். குடித்தார்.

அடுத்த நிறுத்தத்தில் முன் இருக்கைக்காரர் வந்தார். அதற்கடுத்து இரண்டு பேர். "நாளைக்குக் காலையில எங்க முறை, யாரும் முந்தக்கூடாது," என்று பஸ்ஸுக்குள் சண்டையே வந்தது. ஐந்தாம் நாள் சிறிதுங்க ஒன்பது டீ குடித்தார்; யாருடைய புண்ணியத்துக்கும் குறை வைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும், மடியிலிருந்த சேலைப் பெட்டியை டீ சிந்திப் படாதபடி இடது கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டினார்.