கழுவாத துணி

ஓசோவும் புல்காவும் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஹுவான்காயோ என்ற மலையூரில், நெலிடாவின் கணவன் ஃபவுஸ்தோ பால் புகட்டி வளர்த்த பூனைகள். அவன் இருந்தவரை அவன் போர்வையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவன் செத்த இரண்டாம் வாரம் புல்காவுக்கு வாலடியில் சீழ் கட்டியது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கீறிக் கழுவி, மருந்தும் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்த புல்காவை ஓசோ முகர்ந்து பார்த்தது, சீறியது, காதைக் கிழித்துவிட்டது. நெலிடா புல்காவைத் தூக்கி அடுப்படியில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பதற்றம்கூட வரவில்லை. ஃபவுஸ்தோ போன நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சூப்பில் உப்புப் போட மறந்ததும் உறைக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"வாலடியில ரெண்டு சின்னப் பை இருக்கும்மா. அதுக்குள்ள கிருமிங்க குடியிருக்கு. பூனையோட வாசனைய உண்டாக்குறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாம குடுத்த மருந்து சீழோட சேத்து அதுங்களையும் வாரிட்டுப் போயிருச்சு. ஓசோவுக்கு இப்ப இது யாரோ ஊர் பேர் தெரியாத பூனை."

"திரும்ப வருமா?"

"வரும். சில வாரம் ஆகலாம். அதுவரைக்கும், ரெண்டும் சேந்து படுத்த பழைய துணி இருந்தா புல்கா மேல தேய்ங்க. கழுவாத துணியா இருக்கணும்."

கழுவாத துணிக்கு அவள் எங்கே போவாள்? செத்தவரின் துணிமணியை ஐந்தாம் நாள் ஆற்றில் அலசுவது அந்த ஊர் முறை. உறவுக்காரர்கள் அலசுவார்கள், பெண்டாட்டி கரையில் உட்கார்ந்திருப்பாள். நாத்தனார் பிரிமிதிவா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சட்டை, போர்வை, தலையணை உறை, அவன் மூக்குத் துடைத்த கைக்குட்டை வரை மந்தாரோ ஆற்றில் அடித்துத் துவைத்துவிட்டாள். நெலிடா துக்க வீட்டில் கொடுக்கும் கோக்கா இலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றையாவது விட்டு வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுப்படிக் கதவு திறந்தபோதெல்லாம் அடிதடி. மூன்று வாரம் இப்படியே போயிற்று. பிரிமிதிவாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டும் தினம் வெட்டிக்கிட்டுச் சாகுது. ஞாயித்துக்கிழம வந்து புல்காவ எங்க தானியக் கடைக்குக் கொண்டு போயிர்றேன். அங்க எலி எம்மேலயே ஏறுது."

"சரி மதினி."

இரண்டையும் பிரிப்பதை ஃபவுஸ்தோ இருந்தால் பொறுக்கமாட்டான் என்று நெலிடாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றாள். எதற்கும் சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியம் பிரிமிதிவா மூடி போட்ட கூடையோடு வந்து அடுப்படிக் கதவைத் திறந்தாள். புல்கா அவள் காலுக்கிடையில் புகுந்து முற்றத்துக்கு ஓடியது. ஓசோ எழுந்து வந்தது. புல்காவின் வாலடியில் மூக்கை வைத்து வெகுநேரம் முகர்ந்தது. பிறகு உட்கார்ந்து, தான் கிழித்த காதையே நக்க ஆரம்பித்தது.

"பாரேன் கூத்த. இன்னிக்குக் கொஞ்சும், நாளைக்கு மறுபடி அடிச்சுக்கும்," என்று சொல்லிக்கொண்டே பிரிமிதிவா புல்காவைப் பிடித்துக் கூடையில் போட்டு மூடினாள். ஓசோ கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

"கூடைய கீழ வைங்க மதினி."

"என்னது?"

"புல்காவக் குடுக்க மாட்டேன்."

பிரிமிதிவா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாள். "வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு ஏன்டி இந்த மொறப்பு?"

"அன்னிக்கு ஆத்தங்கரையிலயும் சொல்லியிருக்கணும். ஒரு சட்டையயாவது அலசாம விடுங்கன்னு."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேனே, புள்ள," என்றாள் பிரிமிதிவா. குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரரு சட்ட ஒன்னு இன்னும் எங்கிட்ட அழுக்கோட அப்படியே இருக்கு. ஒம்பது வருசமாச்சு. ஒருத்தருக்கும் தெரியாது."

நெலிடா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபவுஸ்தோ செத்த பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு வலித்தது.