நுவரெலியா விலாசம்

"நான் பொய் சொல்றப்ப என் மூஞ்சி எப்படிடி இருக்கு?" என்று அக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள்.

"பொய் சொல்றதுக்கு முன்னால மேல கூரத் தகரத்தப் பாக்குற. அப்புறந்தான் வாயத் தொறக்குற."

"அப்ப இனிமே பாக்க மாட்டேன்."

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. அக்காவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இதற்கு முன் வேறோர் இடத்தில் அவள் உண்மையைச் சொன்னாள்: அக்கரப்பத்தனை, தேயிலைத் தோட்டத்தின் பெயர், தொழிலாளர் வரிசை வீடான லயம். கேட்டவர் அதோடு பேனாவை மூடிவிட்டாராம். அதனால் இந்த முறை நுவரெலியாவிலேயே செல்லசாமி மாமா காவல் பார்க்கும் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பலரும் வேலைக்கு எழுதும்போது டவுனில் தெரிந்தவர் விலாசத்தைத்தான் போடுவார்கள். ஆனால் அந்த வீடுகளில் ஆட்கள் இருப்பார்கள். மாமா காவல் பார்க்கும் மாடி வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அவரே வெளி அறையில்தான் படுப்பார்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அக்காவிடம் மட்டும் வரும். அம்மா கொழுந்தெடுக்கப் போனதும், அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கேள்வி கேட்கும் மேடம் ஆகிவிடுவேன்.

"மிஸ் கிருஷாந்தி, உங்க வீட்டப் பத்திச் சொல்லுங்க."

முதலில் தடுமாறினாள். சுவர் என்ன நிறம், ஜன்னலில் என்ன தெரியும் என்று இருவருமாகப் பேசி முடிவு செய்தோம். சில நாட்களில் சரளமாகச் சொன்னாள். தகரத்தைப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் சொன்னாள்: "மேல இருந்து மூணாவது படி ஆடும் மேடம். அதனால அதுல கால் வைக்காம எறங்குவோம்."

"இத நாம பேசி வைக்கலயே அக்கா."

"பேசி வைக்காததத்தான் கேப்பாங்க."

அதன் பிறகு லயத்து வாசலில் இறங்கும்போது, அங்கே இல்லாத ஏதோ ஒன்றைத் தாண்டுவதுபோல் அவள் காலை நீட்டி வைத்தாள். அம்மா சிரித்தார். "பாத்துங்க மகாராணி, காலு சுளுக்கிக்கும்." அக்கா, "பரவாயில்லங்க" என்றாள். அம்மாவிடம் அவள் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்லசாமி மாமா வந்தார். அக்கா தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுப் படிகளில் ஏதாவது ஆடுமா என்று கேட்டேன்.

மாமா குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு யாருடி சொன்னா?"

"சும்மாதான் மாமா."

"கொஞ்ச நாளா சாயங்காலமானா உள்ள யாரோ எறங்குற சத்தம் கேக்குது. எலியா இருக்கும்னுதான் நெனச்சேன். ஆனா எலி எல்லாப் படியிலயும்ல ஓடும்? இது ஒரு படிய விட்டுட்டு எறங்குது."

அவர் போனதும் அக்காவிடம் கெஞ்சினேன். "லயத்து விலாசத்தயே சொல்லிரு அக்கா. வேல கெடைக்காட்டியும் பரவால்ல."

"ஒனக்குப் பரவால்ல," என்றாள். "நான் திரும்பவும் அந்தப் பேனாவப் பாக்கணுமா?"

நேர்முகத் தேர்வன்று நானும் கூடவே போனேன். ஹோட்டல் வாசலில் பூப்பாத்தி ஓரம் நின்றேன். மூடுபனி கண்ணாடிக் கதவு வரை இறங்கியிருந்தது. உள்ளே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவது மங்கலாகத் தெரிந்தது. எதிரில் இருந்த மேடம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

மேடமே கதவு வரை வந்து வழியனுப்பினார். "திங்கட்கிழமையே வந்துடுங்க. வீடு பக்கத்துலதானே?"

"ஆமா மேடம். நடந்தே போயிடுவேன்."

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "அக்கா!" என்று கத்திவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா!"

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு இந்தப் பிள்ள?"

அக்கா திரும்பினாள். வேலை போய்விடும் என்று பயந்து என்னை மறைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் எனக்குச் சம்மதம். ஆனால் அவள் கண்ணில் பயம் இல்லை. எங்கோ பார்த்த முகமா என்று யோசிப்பவள்போல் புருவத்தைச் சுருக்கி, வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கமாக, அந்த வீடு இருக்கும் மேட்டு ரோட்டில் ஏறிப் போனாள்.